அடிக்கும் தீர்ப்புக்கும் நடுவில்

'விசாரணை' படத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. பார்க்கும்போது அது உறுத்தாது. குண்டூரில் ஒரு பூங்காவில் படுத்துத் தூங்கும் தமிழ்நாட்டுப் பையன்களை போலீஸ் தூக்கிக்கொண்டு போகிறது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி நாள்கணக்கில் அடிக்கிறது. கடைசியில் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். வேறு வேலையாக அங்கே வந்திருக்கும் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் முத்துவேல், பையன்கள் சொல்வதைத் தெலுங்கில் எடுத்துச் சொல்கிறார். நீதிபதி விட்டுவிடுகிறார். நமக்கு அப்பாடா என்று மூச்சு வருகிறது. கதை சென்னைக்கு நகர்ந்துவிடுகிறது.

படத்துக்கு மூலம் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'. அது அவருடைய சொந்த அனுபவம். 1983இல் குண்டூர் போலீசிடம் மாட்டியபோது அவருக்கு இப்படி ஒரு முத்துவேல் கிடைக்கவில்லை. லாக்கப்புக்குப் பிறகு சிறை. மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார். படம் அந்த மாதங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறது.

இதை வெற்றிமாறனின் குறையாகச் சொல்லவில்லை. இரண்டாம் பாதிக்குப் பையன்கள் வெளியே வந்தாக வேண்டும், அது திரைக்கதையின் தேவை. ஆனால் அந்தத் தாவல் நமக்கு ஏன் உறுத்தவே இல்லை? போலீஸ் ஸ்டேஷனும் தெரியும், கோர்ட்டும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கட்டடம் மட்டும் நம் கதைகளில் காலியாகக் கிடக்கிறது. அடி விழும்வரை பக்கத்திலேயே நிற்கிறோம். ரிமாண்ட் என்று ஒரு வார்த்தை வந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம்.

அந்தக் காலிக் கட்டடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்டனை பெற்ற எல்லாரையும் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் சிறைகள் கிட்டத்தட்ட நிறைந்தேதான் இருக்கும். குற்றவாளி என்று யாரும் இன்னும் சொல்லாத ஆட்களாலேயே.

*

சரி, அங்கே என்ன நடக்குது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. அதுதான் அங்குள்ள வாழ்க்கை.

தண்டனைக் கைதிக்கு வெளியே போகும் தேதி தெரியும். நாள்காட்டியில் கோடு போட்டுக்கொண்டே வரலாம். வேலை உண்டு, கொஞ்சம் கூலி உண்டு. விசாரணைக் கைதிக்குத் தேதி கிடையாது, வாய்தாதான் உண்டு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை காவல் நீட்டிப்பு. வழிக்காவலுக்கு ஆள் இல்லையென்றால் கோர்ட்டுப் பயணமும் இல்லை. வீடியோ திரையில் முகம் காட்டினால் முடிந்தது. வேலை கிடையாது. பிடிபட்ட அன்று கட்டியிருந்த லுங்கி அல்லது வீட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த லுங்கி. சாயங்காலம் கதவு பூட்டினால் விடியும்வரை அளவுக்கு மீறிய உடம்புகள், ஒரு கழிப்பறை, ஒரு விளக்கு. உறவினர் வந்து பார்ப்பதற்கு நம்மூர்ச் சிறைகளில் 'மனு' என்று பெயர். யாருக்கு மனு வருகிறது, யாருக்கு வருவதில்லை என்பதை வைத்தே உள்ளே ஒரு ஆளின் மதிப்பு தீர்மானமாகிறது.

ஜாமீன் கிடைத்தவன் வெளியே வந்துவிடுவான் என்று படங்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. வக்கீல் தாளை நீட்டுவார், கதவு திறக்கும். உண்மையில் ஜாமீன் உத்தரவுக்குப் பிறகு வருவது ஜாமீன்தாரரைத் தேடும் படலம். வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டும் வைத்திருக்கிற இரண்டு பேர், இவனுக்காகக் கோர்ட்டில் வந்து நிற்கத் தயாராக இருக்க வேண்டும். வெளியூரில் கூலி வேலைக்குப் போன இடத்தில் மாட்டியவனுக்கு அப்படி யார் இருப்பார்கள்? 1978இல் மோதிராம் என்ற கொத்தனார் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது இதனால்தான். அவருக்கு ஜாமீன் கிடைத்திருந்தது. மாஜிஸ்திரேட் கேட்டது பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர். அண்ணன் தம்பி முன்வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைக் கடுமையாக விமர்சித்தார். அதே வழக்கம் இன்றும் ஏழையின் ஜாமீனைக் காகிதமாகவே வைத்திருக்கிறது.

இதை ஏன் நம் கதைகள் எழுதுவதில்லை? ஏனென்றால் இதில் வில்லன் இல்லை. அடிக்கிற போலீஸ்காரனுக்கு முகம் இருக்கிறது, அவனை வெறுத்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். வழிக்காவல் பற்றாக்குறையை யாரும் வெறுக்க முடியாது. வரி ரசீதைத் திரையில் காட்டி ஒருவரையும் அழவைக்க முடியாது. கதையின் வடிவமே அடியைத்தான் கேட்கிறது.

*

இந்த வடிவம் நிஜத்திலும் நம் கண்ணை மறைக்கிறது. சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரையும் 2020 ஜூன் 19 அன்று ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். பென்னிக்ஸ் 22 இரவும் ஜெயராஜ் 23 காலையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். நாம் எல்லாரும் அந்த ஸ்டேஷன் இரவைப் பற்றித்தான் பேசினோம், பேசியாக வேண்டியதுதான். ஆனால் தேதிகளை எண்ணிப் பாருங்கள். ரிமாண்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் இரண்டு நாட்களுக்கு மேல் இருக்கிறது. அந்த நாட்களை அவர்கள் கழித்தது கோவில்பட்டி கிளைச் சிறையில். அங்கே உட்கார முடிந்ததா, தண்ணீர் யார் கொடுத்தார்கள், பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள்? அடிபட்ட இரண்டு உடம்புகளை ஒரு கட்டடம் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தியது. நம் நினைவில் அந்தக் கதவு இல்லவே இல்லை.

*

இன்னொரு பழக்கமும் நமக்கு இருக்கிறது. நம் கதைகளில் உள்ளே போகிறவன் கட்டாயம் நிரபராதியாக இருந்தாக வேண்டும். 'விசாரணை' பையன்கள், 'ஜெய் பீம்' ராஜாகண்ணு, 'சொர்க்கவாசல்' கதையின் சாப்பாட்டுக் கடைக்காரன், எல்லாரும் செய்யாத குற்றத்துக்கு மாட்டியவர்கள். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நமக்கு அது தெரிந்துவிடும். நிம்மதியாக இரக்கப்படத் தொடங்குவோம்.

அதாவது, நீதிமன்றத்துக்கு முன்னாலேயே நாம் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். விசாரணைக் கைதி என்பவன் தீர்ப்பு வராதவன். அவன் அந்த செல்போனைத் திருடியிருக்கலாம், திருடாமலும் இருக்கலாம். திருடியிருந்தாலும் நாற்பது பேர் அறையில் நூறு பேரோடு படுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நிரபராதிச் சான்றிதழ் பார்த்துத்தான் இரக்கப்படுவோம் என்றால், நாமும் ஒரு வகையில் வரி ரசீது கேட்கிற மாஜிஸ்திரேட்தான்.

'ஜெய் பீம்' இந்த இடத்துக்கு மிக நெருக்கமாக வந்துவிட்டு விலகிப்போகிறது. அதன் தொடக்கக் காட்சியில், சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவர்களிடம் சாதி கேட்கிறார்கள். சில சாதிக்காரர்கள் வீட்டுக்குப் போகலாம். இருளர், குறவர் போன்றவர்கள் ஓரமாக நிற்க வேண்டும். முடியாத பழைய வழக்குகளை அவர்கள் தலையில் கட்டி மறுபடி உள்ளே தள்ள வெவ்வேறு ஸ்டேஷன் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அங்கே நிற்பவர்கள் முதலில் உள்ளே போனது ஏன் என்று படம் நமக்குச் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. கேட்காமலேயே நமக்குப் பதறுகிறது. சமீபத்திய தமிழ் சினிமாவில் விசாரணைக் கைதியைப் பற்றிய மிகச் சரியான காட்சி அதுதான் என்பேன்.

அந்தக் காட்சியின் ஆழம் புதிய சட்டத்தைப் படித்தால் இன்னும் புரியும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதல்முறை மாட்டியவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணையில் விடலாம் என்கிறது. மற்றவர்களுக்குப் பாதி காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் இதில் சேராது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பிரிவில், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்றும் இருக்கிறது. சிறை வாசலில் ஓரமாக நிறுத்தப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் தலையில் ஏற்றிய ஒவ்வொரு பொய் வழக்கும் இந்தக் கதவையும் சேர்த்தே பூட்டுகிறது.

உள்ளே போனாலும் சாதி விடாது. சாதி பார்த்து வேலை கொடுப்பது, சாதி பார்த்து அடைப்பது ஆகியவற்றுக்கு இடம் தந்த சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2024 அக்டோபர் 3 அன்றுதான். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. சண்டை வராமலிருக்கத்தான் சாதிவாரியாகப் பிரித்து அடைக்கிறோம் என்ற வாதத்தையும் அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. அந்த வாதம் வந்தது நம்ம பாளையங்கோட்டைச் சிறை பற்றிய பழைய வழக்கிலிருந்து. 'ஜெய் பீம்' வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே போயிருந்தால் அதே கேள்வியை அங்கேயும் கேட்டிருக்கும்.

*

அப்படியானால் எப்படி எழுதுவது? காப்காவை இழுப்பது நம் வழக்கம். விசாரணைக் கைதி என்றாலே யோசப் க. ஆனால் அவன் கைதான பிறகும் வங்கி வேலைக்குப் போகிறான், வீட்டில் தூங்குகிறான். அங்கே பேன் கிடையாது, கழிப்பறை வரிசை கிடையாது. அது வேறு பயம்.

எனக்குத் தோன்றும் உதாரணம் மேரி டைலர். நக்சலைட் என்று சொல்லி 1970இல் பிகாரில் கைது செய்யப்பட்ட ஆங்கிலேயப் பெண். ஐந்து வருடம் விசாரணைக் கைதி, பெரும்பகுதி ஹசாரிபாக் சிறையில். 1977இல் வந்த அவருடைய சிறை நூலில் பெரிய சம்பவங்கள் குறைவு. இந்தி கற்றுக்கொள்கிறார். கூட இருக்கும் பெண்களை, அவர்களோடு உள்ளேயே வளரும் குழந்தைகளை, ரேஷனை, வெயிலை, குளிரை எழுதுகிறார். அந்தப் பெண்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்று தீர்ப்பு சொல்லி முடித்துவிட்டு அவர் எழுத ஆரம்பிக்கவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவள் என்பதே போதுமானதாக இருக்கிறது. நீங்கள் படிக்கப் படிக்க, எப்போது கோர்ட் என்று நீங்களே எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். ஒரு புத்தகம் காத்திருப்பை வாசகன் உடம்பில் ஏற்றுவது அப்படித்தான்.

இரண்டே வருடத்தில், 1979இல், அதே பிகார்ச் சிறைகளைப் பற்றித்தான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வந்தது. குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக்காகவே உள்ளே கிடந்தவர்களை நாடு அப்போது பார்த்தது. புத்தகம் முன்னமே பார்த்திருந்தது.

ஹசாரிபாக் இப்போது ஜார்க்கண்டில் இருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டுக்குப் போன ஒருவர் அங்கே ஆதிவாசி விசாரணைக் கைதிகளைப் பற்றி ஆய்வு செய்து, அவர்களுக்காக நீதிமன்றமும் போனார். ஸ்டான் சுவாமி. 2020 அக்டோபரில் அவரே கைதானார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழலும் மூடிபோட்ட குவளையும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. இருபது நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

அந்தக் குவளை நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அவர் முதியவர், பாதிரியார், நல்லவர் என்பதால் நினைவிருக்கிறது. ஆனால் அவர் ஆய்வு செய்த ஆட்களுக்கும் கை நடுங்கியிருக்கும், பல் வலித்திருக்கும், கழிப்பறை வரிசையில் நிற்க முடியாமல் போயிருக்கும். அவர்களில் திருடியவர்களும் இருந்திருப்பார்கள். தமிழில் இனி எழுதப்போகும் சிறைக்கதை அவர்களில் ஒருவனைப் பற்றியதாக இருக்கட்டும். அவன் செய்தானா செய்யவில்லையா என்று கடைசிப் பக்கம்வரை நமக்குச் சொல்ல வேண்டாம். அவனுக்கு இன்று மனு வந்ததா என்று மட்டும் சொன்னால் போதும்.