குமணன் கொடையும் அயலவர் கடனும்

புறநானூற்றின் 163ஆம் பாட்டு நம் வகுப்பறைகளிலும் மேடைகளிலும் அடிக்கடி எடுத்தாளப்படுவது. முதிரமலைத் தலைவன் குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், அச்செல்வத்தை எல்லோர்க்கும் கொடுக்குமாறு தம் மனைவியிடம் கூறுவதாக அமைந்தது அது. பழையோர் இதனைப் பாடாண் திணையில், பரிசில் துறையில் வைத்தனர். உ. வே. சாமிநாதையர் 1894இல் நூலைப் பதிப்பித்த பின்னர் இதனைப் போற்றியோரும் பெரும்பாலும் இரு முடிவுகளுக்கே வந்தனர். ஒன்று, குமணனின் வள்ளன்மை. மற்றது, புலவரின் பெருந்தன்மை. இரண்டும் பொய்யல்ல. ஆயினும், பாட்டின் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளது என்பதே எமது கருத்து.

யார் யார்க்குக் கொடுக்க வேண்டுமென்று புலவர் வரிசைப்படுத்துகிறார். மனைவியை விரும்பி வாழ்வோர், அவள் விரும்பி வாழ்வோர், அவளுடைய சுற்றத்தார் என மூவரைச் சொன்னபின், நான்காவதாக ஒரு கூட்டத்தாரைச் சுட்டுகிறார். குடும்பத்தின் கடும்பசி தீரக் குறியெதிர்ப்பை தந்து உதவியோரே அவர்கள். ஒரு பொருளை அளவு குறித்து வாங்கி, பின்னர் அதே அளவில் திருப்பித் தருவது குறியெதிர்ப்பை. இன்று கைமாற்று என்கிறோமே, அதுவே இது. இதற்கு வட்டியில்லை, ஈடில்லை, எழுத்துமில்லை. அச்சொல்லுக்கு முன்னே நெடுமையைக் குறிக்கும் அடை ஒன்றையும் புலவர் சேர்த்திருக்கிறார். கடன் நெடுநாள் நின்றது. கொடுத்தவர்கள் பொறுத்திருந்தார்கள் என்று நாம் கொள்வதில் தவறில்லை.

இதன் பொருளை உணர வேண்டுமாயின் இதே புலவரின் 159ஆம், 160ஆம் பாட்டுக்களையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து, உப்பின்றி அவித்து உண்ணும் மனைவி. கோலூன்றித் தளர்ந்த தாய். வெறும் பாத்திரத்தைத் திறந்து பார்த்து அழும் மகன். அவனுக்குப் புலியைச் சொல்லி அச்சங்காட்டியும் நிலவைக் காட்டியும் ஆற்ற முயலும் தாய். இதுவே அவர் இல்லத்தின் நிலை. புரவலனைத் தேடிப் புலவர் காடும் மலையும் கடந்து சென்ற நாள்களில் அவ்வீட்டில் அடுப்பெரிந்தது எவ்வாறு? பரிசில் துறை இவ்வினாவை எழுப்புவதில்லை. விடை அந்த நான்காம் வரிசையில் இருக்கிறது. புரவலன் எப்போதோ ஒருமுறை தந்தான். அயலவர் அன்றாடம் தந்தனர். அன்றாடம் தந்தவருக்குப் பெயரில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இக்கடன் மனைவியின் கடன். கைநீட்டி வாங்கியவள் அவள். யாருக்கு எவ்வளவு என்பதை அறிந்தவளும் அவளே. தம்மிடம் கலந்து பேச வேண்டியதில்லை என்று புலவர் சொல்வது வெறும் தாராளமன்று. கணக்கு யார் கையில் உள்ளது என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மையுமாகும்.

வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற் குறளில் இதே சொல்லை ஆள்கிறார். வறியவர்க்குத் தருவதே ஈகை, ஏனையவெல்லாம் குறியெதிர்ப்பையின் இயல்பினவே என்பது அவர் துணிபு. கொடுப்பவன் பக்கம் நின்று பார்க்கும் அறம் இது. திரும்பப் பெறுவதை அது ஒருபடி தாழ்த்துகிறது. பெருஞ்சித்திரனாரோ வாங்கியவரின் அடுக்களையிலிருந்து பேசுகிறார். அங்கே நின்று பார்க்கையில், திருப்பித் தரக்கூடிய உதவியே தலைகுனிவற்ற உதவி. இளவெளிமான் சிறிதளவு கொடுத்த பரிசிலை ஏலாது சென்று, குமணன் தந்த யானையைக் கொணர்ந்து அவனுடைய காவல்மரத்தில் கட்டியவர் இப்புலவரே. கொடைக்குள் ஒளிந்திருக்கும் உயர்வு தாழ்வை அவர் நன்கறிவார். க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூல், அப்பாடல்களை அவை எழுந்த சமுதாயத்தில் வைத்து ஆராயும் வழியைக் காட்டிற்று. அவ்வழியிற் செல்வோர் புரவலனோடு நின்றுவிடாது அயல்வீடுவரை செல்லவேண்டும்.

ஆனால், அயலாரின் அன்பே போதுமென்று இப்பாட்டைக் கொண்டு வாதிடுவோரும் உளர். அரசு கைவிரிக்கும் காலங்களில் இத்தகைய உபதேசம் பெருகுவதைக் காண்கிறோம். ஒரு பானை வெறுமையாகும்போது அடுத்த பானையில் அரிசி இருந்தால்தான் கைமாற்று நடக்கும். 2022இல் நம் நாட்டில் நேர்ந்ததென்ன? அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. எல்லாப் பானைகளும் ஒருசேரக் குறைந்தன. சீட்டுப் பிடித்தவர்கள் பணங்கட்ட இயலாது திகைத்தனர். ஏழை ஏழைக்குக் கொடுத்தது மெய். அது போதாமற் போனதும் மெய்.

இவ்வுண்மையை இந்நாட்டு உழைப்பாளர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1953இல் ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, அவர்கள் அயல்வீட்டுக் கதவைத் தட்டுவதோடு நிற்கவில்லை. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலில் இறங்கினர். மலிவு அரிசி அவர்களுக்கு அரசனின் பரிசிலன்று. தம் உழைப்புக்குரிய குறியெதிர்ப்பை. மக்கள் தந்ததை அரசு திருப்பித் தரவேண்டும் என்பதே அக்கோரிக்கையின் உட்பொருள்.

அயல் என்னும் வட்டத்துக்கு வேலியும் உண்டு. கிணற்றில் நீரள்ளவும் சாதி பார்த்த ஊர்களில் கைமாற்று அவ்வேலியைக் கடந்திருக்குமென்று நம்புவது கடினம். பெருஞ்சித்திரனாரின் வரிசையும் விருப்பிலும் உறவிலுமே தொடங்குகிறது. ஆனால் அங்கேயே முடிவதில்லை. இன்னார்க்கு என்று பாராமல், இதைக் கொண்டு நாம் நன்றாக வாழ்ந்துகொள்வோம் என்றும் எண்ணாமல், எல்லோர்க்கும் கொடு என்கிறார். தன் வீட்டுக்கெனச் சேர்த்துவைப்பதே காவல் என்ற எண்ணத்தை அவர் மறுக்கிறார். கடன் தந்தவரிடம் தொடங்கி, கடன் தராதவர்வரை செல்கிறது அக்கை. பாட்டின் பெருமை இந்த நகர்வில் உள்ளது.

ஆகவே, இப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் குமணனின் பெயரைக் கேட்டபின் இன்னொரு வினாவையும் மாணவரிடம் கேட்கவேண்டும். குமணன் தருமுன் அக்குழந்தைகளுக்குச் சோறிட்டவர் யார்? அவர்களும் பசித்திருந்தால் யாரிடம் சென்றிருப்பர்? முதல் வினாவிற்கு விடை பாட்டில் உண்டு. இரண்டாம் வினாவிற்கு விடை காண்பது நம் காலத்தின் கடமை.