அவரவர்க்கு ஓர் உண்மையா?

"உன் உண்மை உனக்கு, என் உண்மை எனக்கு!" கேட்க இனிக்கிறது, பெருந்தன்மை போலவும் தோன்றுகிறது. இந்தச் சார்புக் கொள்கையை மறுத்து, 1998-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் விடுத்த சுற்றுமடல் 'நம்பிக்கையும் பகுத்தறிவும்'. உண்மையைத் தேடும் துணிவை அறிவு இழக்கலாகாது என்கிறார். வரவேற்கிறோம்! எல்லாம் உண்மையெனில் பொய் ஏது? அடிமையின் கண்ணீரும் ஆண்டானின் சவுக்கும் ஒரே மதிப்புப் பெற்றுவிடுமே!

ஆனால், தோழர்களே, மடல் அடுத்து இடறுகிறது. மெய்யியலுக்குத் தன்னுரிமை உண்டு என்பது ஒருபுறம். சமயக் கோட்பாட்டுடன் அது முரண்பட்டால் தீர்ப்புரைக்கும் உரிமை திருச்சபைக்கே என்பது மறுபுறம். அந்தத் தீர்ப்பைத் தீர்ப்பிடுவது யார்?

1633-இல் ரோமாபுரியில் கலிலியோ மண்டியிட்டார். பூமி சுழல்கிறது என்ற தம் கருத்தைக் கைவிடுவதாக உறுதி கூறினார். பூமியோ நிற்கவில்லை, தீர்ப்பளித்தோர் காலடியிலும் சுழன்றது! அவர் நூல் தடைப்பட்டியலிலிருந்து நீங்கியது 1835-இல். அக்கால இறையியலார் தவறினர் என்று இதே ஜான் பால் ஒப்பியது 1992-இல்.

உண்மை ஆளுக்கொன்றாக மாறுவதன்று என்பதற்கும் கலிலியோவே சான்று. அதிகார பீடம் அதற்குக் காவலன் ஆகாது என்பதற்கும் அவரே சான்று. பிழையைத் திருத்தியது ஆணையன்று, ஆய்வு. ஆய்வுக்கு அஞ்சாததே உண்மை!