‘எச்’ விழாத எண்கள்

ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவரின் ரத்தப் பரிசோதனைத் தாள். எல்டிஎல் 2.5 மில்லிமோல்; பக்கத்தில் உயர்வைக் காட்டும் ‘எச்’ குறி இல்லை. “கொழுப்பு நார்மல்தான் அண்ணே” என்று ஜெலாப்பாங் ஒட்டுக்கடையில் இன்னொரு ரொட்டி சானாய்க்குச் சொல்லிவிடுவார். ஆனால் தாளில் அச்சிட்ட வரம்பு பொதுவானது. இருதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது உறுதியானவருக்கு 2019 ஐரோப்பிய வழிகாட்டி வைத்த இலக்கு 1.4க்கும் கீழே.

எல்டிஎல் மேல் எனக்குக் குறையில்லை. அதைக் குறைத்தால் மாரடைப்பு குறைகிறது. அத்தனை உறுதியான சான்று மற்ற எண்களில் பலவற்றுக்குக் கிடையாது. கோளாறு அது வரும் வழியில். பெரும்பாலும் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஒரு பங்கையும் கழிக்கிறார்கள். 1972இல் ஃப்ரீட்வால்ட் தந்த கணக்கு இது. டிரைகிளிசரைடு 4.5ஐத் தாண்டினால் இதை நம்ப முடியாது. இனிப்பு நீர்க்காரர்களுக்கு அது ஏறுவது சகஜம். நம்மவர்களில் இனிப்பு நீர் எட்டிப்பார்க்காத குடும்பம் எது? மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை. பட்டினி வேண்டாம், செலவும் ஏறாது.

தனியார் ஆய்வகங்களின் நீண்ட ‘ஃபுல் செக்கப்’ பட்டியல் வேறு கதை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 3,209 பேரிடம் பத்துக் குறியீடுகளை அளந்து 2006இல் முடிவு வெளியிட்டார்கள். வயது, புகை, ரத்த அழுத்தம், இனிப்பு நீர் ஆகியவை ஏற்கெனவே சொன்னதற்கு மேல் அந்தப் பத்தும் சேர்த்துச் சொன்னது கொஞ்சம்தான். அந்தப் பத்தில் ஒன்றான, அழற்சியைக் காட்டும் சிஆர்பி வீண் என்று சொல்லவில்லை. 10,061 பேரிடம் நடந்த கேன்டோஸ் ஆய்வு, கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தாலும் மாரடைப்பு குறைவதை 2017இல் காட்டியது. ஆனால் பல்வலி வந்தாலும் சிஆர்பி ஏறும். ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து யாரையும் பயமுறுத்தக்கூடாது.

அடைப்பு உள்ளவர்களின் ஆயுளைப் பற்றி ஓரளவு உண்மை சொல்வது, இருதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் என்டி-புரோபிஎன்பி. டென்மார்க்கில் 1,034 பேரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கவனித்ததில், அது உயர்ந்திருந்தவர்களிடம் இறப்பு தெளிவாக அதிகம். அதுவும் கூட்டத்துக்குத்தான் பொருந்தும். எதிரே உட்கார்ந்திருப்பவர் எத்தனை வருஷம் இருப்பார் என்று அது சொல்லாது. வயதும் சிறுநீரகக் கோளாறும்கூட அதை ஏற்றிவிடும்.

எந்த எண்ணையும் நான் ஒரே கேள்வியால் எடைபோடுவேன்: அது வந்த பிறகு செய்வது ஏதாவது மாறுமா? அப்படிப் பார்த்தால் நாம் கேட்டு வாங்க வேண்டியது, எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன்-ஏ. ஒரு வெள்ளி கொடுத்துப் பார்க்கும் அரசாங்க கிளினிக்கில் இதை வழக்கமாக எடுப்பதில்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது தெற்காசியருக்கு 53, மற்றவர்களுக்கு 58.8. பிற்பாடு அதே ஆய்வின் ரத்த மாதிரிகளைப் பார்த்தபோது, லிப்போபுரோட்டீன்-ஏ தெற்காசியரிடம் கூடுதலாகவே வேலை காட்டியிருந்தது. பெற்றோர் வழி வருவதால் பத்தியம் இருந்தாலும் அவ்வளவாக அசையாது, ஸ்டேட்டின் மாத்திரையும் குறைக்காது. பிறகு ஏன் அளப்பது என்பார்கள். உயர்ந்திருந்தால் எல்டிஎல் இலக்கில் டாக்டர் இளக்கம் காட்ட மாட்டார். கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு அனுப்புவார். அவர்களுக்கும் வாழ்நாளில் ஒரு தடவை எடுத்தால் போதும்.