வேலை தரும் மொழி: பெங்களூர்ச் சோதனை – ஒரு திறனாய்வு

அவிநாசியை அடுத்த சேவூர்ப் பகுதியில் ஒரு பனியன் கம்பெனிக்குள் சென்று பாருங்கள். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருப்பார். "அந்தக் கட்டிங் பீஸை எடுத்து வா" என்றால் உடனே எடுத்து வருவார். தமிழ் இலக்கணம் அவர் படித்ததில்லை. வேலையே அவருக்கு ஆசிரியர். நம் மாணவரோ பத்தாண்டு ஆங்கிலம் படித்தும், நேர்முகத் தேர்வில் நான்கு வாக்கியம் பேசத் திணறுகிறார். ஏன்?

இதற்கு விடை தேடிய சோதனை ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பள்ளிகளில் மொழியறிஞர் என். எஸ். பிரபு அதை நடத்தினார். 1987-இல் அதனை நூலாகவும் எழுதினார். இலக்கண விதிகளை ஒப்பிக்கச் செய்யாமல், ரயில் கால அட்டவணையை முன்வைத்து, "எந்த வண்டியில் ஏறினால் பகல் 12 மணிக்குள் போய்ச் சேரலாம்?" என்பது போன்ற கணக்குகளை ஆங்கிலத்தில் தந்தனர். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கையில் மொழியின் அமைப்பு தானே பதியும் என்பது பிரபுவின் கொள்கை.

பலன் என்ன? பெரெட்டா, டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களைச் சோதித்து, 1985-இல் முடிவுகளை வெளியிட்டனர். இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறையினர் முந்தினர். பணி சார்ந்த தேர்விலும், புரிந்துகொள்ளும் திறனிலும் புதிய முறையினர் முந்தினர். ஆனால், ஏற்கெனவே இருந்த வகுப்புகளையே ஒப்பிட்டதால், வெற்றி முறையினுடையதா, ஆசிரியருடையதா என்று பிரித்தறிய முடியவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. நம் ஒடிசா இளைஞர் "நான் நாளைக்கு வரும்" என்கிறார் என வைத்துக்கொள்வோம். கேட்பவருக்குப் பொருள் புரிகிறது, வேலையும் நடக்கிறது, யாரும் திருத்துவதில்லை. பிழை நிலைத்துவிடுகிறது. இவ்வாறு பிழை இறுகிப்போவதை 1972-இலேயே லாரி செலிங்கர் என்ற அறிஞர் விளக்கினார். வேலை மொழியைத் தரும். திருத்தமான மொழியைத் தரும் என்பதற்கு உறுதியில்லை. பிரபுவின் வகுப்பிலும் பிழைகளை அவ்வப்போது திருத்தினார்களேயன்றி, முறையாக விளக்கவில்லை.

இங்கேதான் மொழிபெயர்ப்பு கைகொடுக்கும். ஒடியாவில் 'ஆசிபி' என்றால் 'வருவேன்'. 'ஆசிப' என்றால் 'வருவான்'. இரண்டையும் தமிழோடு அருகருகே வைத்தால், ஆளுக்கேற்ப விகுதி மாறுவதை அவர் கண்டுகொள்வார்.

நீங்களும் செய்து பாருங்கள். 'எனக்குப் பசிக்கிறது' என்பதன் பக்கத்தில் 'ஐ ஆம் ஹங்ரி' என்று எழுதுங்கள். 'எனக்கு' எங்கே போயிற்று? தமிழில் பசி நமக்கு நேர்கிறது; ஆங்கிலத்தில் பசித்தவரே எழுவாய் ஆகிவிடுகிறார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தவறும் இடமே நாம் கற்கவேண்டிய இடம்.

ஆகவே, முதலில் பொருளுக்காகப் பேசுங்கள். பேசியபின் இரு மொழிகளையும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். பெங்களூர்ச் சோதனை காட்டியது பாதி வழி. மறுபாதிக்கு உங்கள் தாய்மொழியே துணை.