சுரங்க மேடும் தூண்டில் தக்கையும்

அரியலூரைச் சுற்றி லாரிகள் கொட்டியே உண்டான குன்றுகள் உண்டு. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் முன் வழித்துப் போட்ட மேல்மண். மழை அதைக் கீறிக் கீறி ஓடை போட்டிருக்கிறது. சீமைக்கருவேலம் தானாக வந்து வேர்பிடித்துக்கொண்டது. ஏறினால் செருப்புக்கடியில் மண் பொலபொலவென்று சரியும். கையில் அகப்படும் கட்டியில் சிப்பியின் வரிகள் தெரியலாம்; சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து பெரம்பலூர் மாவட்டத்துக் காரை வரைக்கும் கடல்தானே!

கல் தீர்ந்த குழியில் தண்ணீர் நிற்கிறது. ஏரியின் செம்மண் கலங்கல் இல்லை, மயில்கழுத்து நிறம். கரை செங்குத்து, ஆழமும் அதிகம். இறங்கிக் குளிக்கிற இடமல்ல. தூண்டில்காரருக்கு அந்த விளிம்பில் குந்த ஓர் அடி இடம் போதும். மண்புழுவைக் கொக்கியில் கோக்க அவர் அவசரப்படுவதில்லை. தக்கை லேசாக ஆடினால் நமக்குத்தான் கை பரபரக்கும். பொடிமீன் கொத்தும் ஆட்டம் வேறு, ஜிலேபி கெண்டை கவ்வும் ஆட்டம் வேறு, அவருக்குத் தெரியும். தக்கை சாய்ந்து அமிழும்போதுதான் மணிக்கட்டு ஒரு சுண்டு சுண்டும், நரம்பு விண்ணென்று நிமிரும். வாளிக்குள் மீன் படபடக்கும் சத்தம் எதிர்ப்பாறையில் மோதித் திரும்பும். பேச்சுக் கொடுத்தால் பதில் தாராளமாக வரும். கண் மட்டும் தக்கையை விட்டு நகராது.