காஸாச் சிறாரின் ஓவியங்கள்: சாட்சியமும் கலையும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஓக்லாந்து நகரிலுள்ள சிறுவர் கலை அருங்காட்சியகம், 2011 செப்டம்பர் 24 அன்று ஒரு கண்காட்சியைத் திறப்பதாக இருந்தது. ‘காஸாவிலிருந்து ஒரு குழந்தையின் பார்வை’ என்பது அதன் பெயர். 2008 டிசம்பர் 27 முதல் 2009 ஜனவரி 18 வரை நீடித்த இஸ்ரேலியத் தாக்குதலைக் கண்ணுற்ற சிறார், தம் ஊர் பட்ட பாட்டை வரைந்த ஓவியங்கள் அவை. குண்டுகளும் பீரங்கி வண்டிகளும் வீழ்ந்து கிடக்கும் மனிதர்களும் அவற்றில் இடம்பெற்றிருந்தன. திறப்பு விழாவுக்கு இரு வாரங்களே இருந்த நிலையில் அருங்காட்சியக நிர்வாகம் கண்காட்சியை ரத்துச் செய்தது. அப்பகுதி யூத அமைப்புகள் சில அதற்கு முன்னரே தம் கவலையைத் தெரிவித்திருந்தன. எனினும் குறித்த நாளிலேயே, அருகிலிருந்த வேறோர் இடத்தில் அவ்வோவியங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பின்னர் அவை நூலாகவும் வெளிவந்தன.

நிர்வாகம் கூறிய காரணத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. சிறு குழந்தைகள் வந்து செல்லும் கூடத்தில் வன்முறைக் காட்சிகள் தகா என்பது அதன் வாதம். பிஞ்சு உள்ளத்தைக் காப்பது பெரியோர் மீதுள்ள அமானிதம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், இதே அருங்காட்சியகம் 2004இல் இரண்டாம் உலகப் போர்க்காலச் சிறாரின் ஓவியங்களையும், 2007இல் இராக்கியச் சிறாரின் ஓவியங்களையும் காட்சிக்கு வைத்திருந்தது. அன்று பொருந்திய சுவர் 2011இல் பொருந்தாமற் போனது ஏன்? பார்வையாளரின் வயதுதான் அளவுகோல் எனில், தனி அறையும் வாயிலில் ஓர் அறிவிப்பும் போதுமாயிருந்திருக்கும். எனவே, இங்கே அளவுகோல் வயது அன்று. வரைந்தவர்களின் ஊரே எனக் கொள்ள இடமிருக்கிறது.

இனி, ஓவியங்களுக்கு ஆதரவாகப் பேசியோர் பக்கம் வருவோம். ‘குழந்தை பொய் சொல்லாது, ஆகவே இவை மறுக்கவியலாச் சாட்சியம்’ என்று வாதிடும் வழக்கம் நம்மவரிடையேயும் உண்டு. ஃபிக்ஹுக் கலை இவ்வளவு எளிதாக இதற்கு இசைவதில்லை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில் சிறாரின் சாட்சியம் ஏற்கப்படுவதில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, சிறார் தமக்குள் ஏற்பட்ட காயங்கள் குறித்துக் கூறும் சாட்சியத்தை ஏற்கிறார்கள். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு: அவர்கள் அவ்விடத்திலிருந்து கலைந்து செல்லுமுன், பெரியோர் சொற்கள் அவர்கள் காதில் விழுமுன் அது பெறப்பட வேண்டும். குழந்தை பொய்யுரைக்கும் என்பதன்று இந்நிபந்தனையின் கருத்து. குழந்தையின் நாவில் பெரியவர் பேசிவிடக்கூடும் என்பதே.

இந்நிபந்தனையை ஓவியத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரு சிறுவன் வரைந்த போர்விமானத்தில் அவன் கண்டது எவ்வளவு, தொலைக்காட்சியிலும் சுவரோவியங்களிலும் கற்றது எவ்வளவு எனப் பிரித்தறிவது அரிது. ஆதலின், இவ்வோவியங்களை வழக்குமன்றச் சான்றாக முன்வைப்பது அவற்றின் வலுவைக் குறைப்பதாகவே முடியும். எந்த வீடு, எந்த நாளில், எவரால் இடிந்தது என்பதை அவை நிறுவமாட்டா. ஊரை வரை என்றதும் ஒரு குழந்தையின் கை எதை நோக்கிச் செல்கிறது என்பதை அவை காட்டும். அதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்தரும். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த தெரசின் முகாமில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் ஓவியர் சிறாருக்குக் கலை கற்பித்தார். பூக்கள், புல்வெளிகள், விட்டுவந்த வீடுகள் எனப் பலவற்றை அவர்கள் வரைந்தார்கள். தாம் வரைந்ததில் தம் பெயரை எழுதும்படியும் அவர் பழக்கினார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெட்டிகளில் மறைத்துவைத்த ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் பிராக் யூத அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. அவற்றுள் பலவற்றில் முகாம் இல்லை, ஊர் இருக்கிறது. பறிக்கப்பட்டது இன்னதென்று அவ்வாறே நாம் அறிகிறோம்.

ஓக்லாந்துத் தொகுப்பின் மீது நாம் வைக்கும் விமர்சனமும் இதுவே. தாக்குதலே அதன் மையம். கடலும் மீன்பிடி படகுகளும் சந்தையும் பள்ளிக்கூடமும் அருகருகே வைக்கப்பட்டிருப்பின், இழப்பின் அளவு இன்னும் துலங்கியிருக்கும். காஸா வெறும் போர்க்களம் அன்று. அண்ணலார் (ஸல்) அவர்களின் பாட்டனாரின் தந்தை ஹாஷிம் மறைந்த ஊர் என்பதால் ‘ஹாஷிமின் காஸா’ எனப் பெயர் பெற்றது. ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) இமாம் ஷாஃபிஈ (ரஹ்) பிறந்த ஊராக அறியப்படுவதும் அதுவே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பின்பற்றப்படும் மத்ஹபின் இமாம் கண்விழித்த மண், நமக்கு அயலூர் ஆகாது. பெரியோர் போரை மட்டுமே கேட்டு வாங்கும்போது, குழந்தையின் ஊர் சுருங்கிவிடுகிறது.

2009இல் பத்து வயதாயிருந்த சிறுவனுக்கு 2023இல் வயது இருபத்து நான்கு. அவ்வாண்டு அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அதன்பின் மூண்ட போரில் காஸாவில் பல்லாயிரவர் மாண்டனர், குழந்தைகளே பல்லாயிரவர். பழம்பெரும் உமரி ஜும்ஆப் பள்ளிவாசல் 2023 டிசம்பரில் பெரும்பகுதி இடிந்தது. இனி அந்நகரின் பழைய தோற்றத்தை அறிய முற்படுவோர், சிறார் தாள்களையும் தேடிச் செல்ல நேரலாம்.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. காஸாச் சிறாரின் ஓவியங்களுக்கு அருங்காட்சியகச் சுவரில் இடம் வேண்டும். போர் மட்டுமன்றி, அவர்களது கடலும் அங்கே தொங்க வேண்டும். அக்டோபர் 7ஐக் கண்ட இஸ்ரேலியச் சிறுமி தன் ஊரை வரைந்தால், அதே கூடத்தில் அவளுக்கும் இடம் வேண்டும். வெறுப்புக்கு இடங்கொடுத்து நீதி தவறாதீர் என ஸூரா அல்மாயிதாவின் எட்டாம் வசனம் பணித்திருக்க, இரண்டாவதைக் கூறத் தயங்குவோர் முதலாவதைக் கேட்கும் உரிமையை இழக்கின்றனர். ஊருக்கேற்ப மாறும் அளவுகோலைத்தானே ஓக்லாந்து நிர்வாகத்திடம் நாம் குறையாகக் கண்டோம்.