மெய்யியல் ஆசனங்களும் பெண்களும்

மணிபல்லவத்தில் மணிமேகலைக்குத் தெய்வம் உபதேசிக்கும் மந்திரங்களுள் ஒன்று வேற்றுருக் கொள்வதற்கு உரியது. அஃது அவளுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சாத்தனார் மறையாது கூறிவிடுகிறார். இளம்பெண் என்று கண்டால் சமயவாதிகள் தம் கொள்கையை அவளுக்கு எடுத்துரைக்க மாட்டார்கள். ஆகவே, பின்னர் வஞ்சி மாநகர் புகுந்தபோது ஆண் தவசியின் கோலத்திற் சென்றே அளவைவாதியையும் ஆசீவகனையும் சாங்கியனையும் பூதவாதியையும் அவள் வினாவ வேண்டியிருந்தது. காப்பியத்தின் இவ்விடத்தை அற்புத நிகழ்ச்சி என்று சொல்லிக் கடந்துவிடுவோர் பலர். நமக்கோ, அக்காப்பியத்தில் இதனைப்போல் அற்புதங் குறைந்த பகுதி வேறில்லை என்றே தோன்றுகிறது. தத்துவ விசாரணை நடைபெறும் மன்றத்திற்குள் பெண் பெண்ணாகவே நுழைய முடியாது என்பது புலவர் கண்ணாரக் கண்ட உலகியல்.

மேலைநாடுகளில் இன்று அம்மன்றத்தின் பெயர் பல்கலைக்கழக மெய்யியற்றுறை. அதன் வாயிலில் வேற்றுருக் கொள்ளுமாறு எவரும் இப்பொழுது கேட்பதில்லை. எனினும், பிரித்தானியாவில் ஹெலன் பீபீ, ஜெனிபர் சோல் என்னும் இரு மெய்யியலாளர் 2011இல் வெளியிட்ட அறிக்கையொன்று சிந்தனைக்குரியது. இளமாணி வகுப்பில் மெய்யியல் கற்போருள் பெண்கள் நூற்றுக்கு 46, கலாநிதிப் பட்டத்திற்கு ஆய்வோருள் 31, நிரந்தர ஆசிரியர்களுள் 24, பேராசிரியர்களுள் 19. பத்தாண்டுகளுக்குப் பின் 2021இல் மீண்டும் கணக்கெடுத்தபோது நிரந்தர ஆசிரியர் 30 ஆகவும் பேராசிரியர் 25 ஆகவும் உயர்ந்திருந்தனர். உயர்வு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் படிக்கட்டில் ஏற ஏறப் பெண்களின் தொகை குன்றிச் செல்லும் அந்த ஒழுங்கு மாறவில்லை.

பெண்ணின் மனம் நுண்பொருள் விசாரணையில் நாட்டங் கொள்வதில்லை என்று கூறுவார் இன்றும் உளர். அவர்களோடு நீண்ட வாதம் தேவையில்லை. முதற்படியில் ஏறக்குறையச் சரிபாதியாக நிற்பவர்கள் மேற்படியில் நான்கில் ஒன்றாகிவிட்டால், குறை ஏறியவரிடத்தா படிக்கட்டிலா என்று கேட்டாலே போதும்.

இதனினும் ஆழமான விடையொன்றைத் தந்தவர் மேரி மிட்ஜ்லி. 1919இற் பிறந்து 2018வரை வாழ்ந்த அந்த அம்மையார், 2013ஆம் ஆண்டு நவம்பரில் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒக்ஸ்போர்ட்டில் தம்மோடு பயின்ற எலிசபெத் அன்ஸ்கம், பிலிப்பா பூட், ஐரிஸ் மேர்டொக் ஆகிய மூவரும் தாமும் மெய்யியலில் நிலைபெற்றமைக்குக் காரணம் என்ன என்பதே அதன் பொருள். அவர் சொன்ன விடை இது: குற்றம் ஆண்கள்மேல் அன்று, வெல்வதையே நோக்கமாகக் கொண்ட இளைஞர்கள் ஒருவரையொருவர் வாதத்தில் வீழ்த்தும் விளையாட்டாக மெய்யியலை மாற்றிவிடுகிறார்கள், போர் அவ்விளைஞர்களை அகற்றியிருந்தது, வகுப்பறையில் அமைதி நிலவிற்று, பெண்களின் குரல் கேட்டது.

இதில் உண்மையுண்டு. நம்முடைய இலக்கியக் கூட்டங்களை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. எதிராளியின் கருத்தை விளங்கிக்கொள்வதற்கு முன்பே அதனை மடக்கும் வித்தையை அறிவென்று மயங்குவோர் எல்லா நாட்டிலும் உளர். அந்த நால்வரைப்பற்றி 2021இல் பெஞ்சமின் லிப்ஸ்கொம்பும், 2022இல் கிளேர் மக்கூல், ரேச்சல் வைஸ்மன் ஆகிய இருவர் சேர்ந்தும் எழுதிய நூல்களும் இந்நினைவை மையமாகக் கொண்டே கதையை வளர்க்கின்றன. சுவையான கதைதான். அவற்றைப் படித்து முடித்தபின் மனத்தில் எஞ்சுவன பங்கீட்டுக் கால வறுமையும் தேநீரும் நட்பும் இரவு முழுவதும் நீண்ட வாதங்களுமே. நட்பு பெரிது, ஆயினும் நட்பு எவருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை.

மிட்ஜ்லியின் விளக்கத்தில் நமக்குத் தோன்றும் குறை இங்கேதான் தொடங்குகிறது. போர் ஆண்களை மட்டும் வெளியேற்றவில்லை. 1942இல் பட்டம் பெற்றதும் மேர்டொக் திறைசேரிக்குப் போனார். மிட்ஜ்லியும் அரசாங்க அலுவலகத்துக்குப் போனார். 1945இன் பின் வாதச் சமர்த்தர்களான இளைஞர்கள் திரும்பிவந்தார்கள், அமைதி போயிற்று. விளக்கம் முழுமையானதாயின் பெண்களும் அத்துடன் மறைந்திருத்தல் வேண்டும். அவர்கள் மறையவில்லை. அன்ஸ்கம் 1946இல் சமர்வில் கல்லூரியில் ஆராய்ச்சிப் பதவி பெற்றார். மேர்டொக்குக்கு 1948இல் சென் ஆன்ஸில் இடங் கிடைத்தது. பூட் சமர்விலிலேயே விரிவுரையாளராகி, பின் அக்கல்லூரியின் உறுப்பாசிரியருமானார். இவை யாவும் பெண்களுக்கென்றே நிறுவப்பட்ட கல்லூரிகள். சமர்வில் தோன்றியது 1879இல். ஒக்ஸ்போர்ட் பெண்களுக்குப் பட்டம் வழங்கச் சம்மதித்ததோ 1920இல். பட்டத்துக்கு உரிமை கிடைக்கும் முன்னரே, பெண்களுக்குக் கற்பிக்கும் வேலை அங்கே தோன்றிவிட்டது. அந்த வேலை பெண்களின் கையில் இருந்தது. அமைதி வாயைத் திறக்கச் செய்திருக்கலாம். வாய் திறந்தவரை அவ்விடத்தில் நிலைநிறுத்தியது பதவி.

பதவி இல்லாதவிடத்து என்ன நிகழும் என்பதைக் காண ஜேர்மனிக்குச் செல்லவேண்டும்.

எடித் ஸ்டைன் 1891இல் பிறெஸ்லௌ நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். கோட்டிங்கனில் எட்மண்ட் ஹுசேர்லிடம் கற்று, 1916இல் பிரைபூர்க்கில் அதியுயர் சிறப்புடன் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறர் உணர்வை நாம் எவ்வாறு அறிகிறோம் என்பதே அவர் ஆய்ந்த பொருள். அவ்வாண்டே ஹுசேர்லின் உதவியாளரானார். உதவியாளர் என்ற சொல் எவ்வளவு உழைப்பை மூடி மறைக்கவல்லது! ஹுசேர்ல் சுருக்கெழுத்தில் எண்ணிறந்த தாள்களை எழுதிக் குவிக்கும் வழக்கமுடையவர். அத்தாள்களை வாசித்து, பெயர்த்தெழுதி, வெவ்வேறு ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றை ஒன்றோடொன்று இணைத்து, நூலென்று சொல்லத்தக்க வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டைன். ஆசிரியரோ பழைய தாள்களைத் திரும்பிப் பார்க்கும் பொறுமையற்றவர். அவர் மனம் அடுத்த சிந்தனைக்குப் போய்விட்டிருந்தது. 1918இல் ஸ்டைன் அவ்வேலையை விட்டு விலகினார். கால உணர்வு பற்றிய ஹுசேர்லின் புகழ்பெற்ற விரிவுரைகள் ஸ்டைனின் கையால் ஒழுங்குபெற்றவை. அவை 1928இல் அச்சேறியபோது பதிப்பாசிரியர் என்று விளங்கிய பெயர் மார்ட்டின் ஹைடெகருடையது.

ஆலையில் உழைத்தவன் கைப்பொருள் வேறொருவன் முத்திரையோடு சந்தைக்கு வருவதை நாம் அறிவோம். சிந்தனை உலகிலும் இது நடைபெறும் என்பதை நம்மவர் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

1919இல் ஸ்டைன் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் தகுதியுரிமையை நாடினார். ஹுசேர்ல் அவருக்கு எழுதிக் கொடுத்த சான்றிதழ் ஆராயத்தக்கது. பல்கலைக்கழகத் தொழில் பெண்களுக்குத் திறக்கப்படுமாயின் முதன்முதலாகவும் மிகுந்த விருப்போடும் இவரையே பரிந்துரைப்பேன் என்பது அதன் கருத்து. புகழ்ச்சி முழுவதும் ‘திறக்கப்படுமாயின்’ என்ற ஒரு சொல்லில் தொங்குகின்றது. கதவைத் தட்டவல்ல கை அவருடையது, அவர் தட்டவில்லை. கோட்டிங்கன் அவருடைய ஆய்வை மதிப்பிடாமலே மறுத்துவிட்டது. ஸ்டைன் பிரஷ்யக் கல்வியமைச்சுக்கு முறையிட்டார். அவ்வாண்டின் வைமார் அரசியலமைப்பு, அரச சேவையிற் பெண்களுக்கு இருந்த விசேட தடைகளை நீக்கியிருந்தது. 1920 பெப்ரவரி 21ஆம் நாள் அமைச்சு விடையளித்தது: பெண்ணாயிருத்தல் பல்கலைக்கழகப் பணிக்குத் தடையாகாது. தனியொருத்தியின் முறையீடு ஜேர்மனியப் பெண்கள் அனைவருக்கும் பயன்பட்டது. அவருக்கு மட்டும் பயன்படவில்லை. சட்டம் மாறிற்று, ஆசனம் கிடைக்கவில்லை. ஸ்பேயர் நகரில் கத்தோலிக்கப் பாடசாலையொன்றில் 1931வரை கற்பித்தார். 1932இல் மூன்ஸ்டரில் ஆசிரியக் கல்வி நிறுவனமொன்றிற் கிடைத்த இடத்தையும் மறு ஆண்டே நாஜிகளின் யூத விரோதச் சட்டம் பறித்தது. கன்னியர் மடத்திற் சேர்ந்த அவரை அங்கும் விட்டுவைக்கவில்லை. 1942 ஓகஸ்டில் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

ஸ்டைனை அன்ஸ்கம்மோடு ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும். அன்ஸ்கம்மும் தம் ஆசிரியரின் தாள்களுக்காக உழைத்தவரே. விட்கென்ஸ்டைன் தம் எழுத்துக்களின் பொறுப்பை ஒப்படைத்த மூவருள் அவர் ஒருவர். 1953இல் வெளிவந்த அப்பெருநூலின் ஆங்கிலம் அவருடையது. அதிற் பெயரும் அவருடையதே. 1970இல் விட்கென்ஸ்டைன் முன்பு அமர்ந்த கேம்பிரிட்ஜ் ஆசனத்திலேயே அவர் அமர்ந்தார். இருவரிடையே ஆற்றலில் இவ்வளவு தூரம் இருந்ததென எவரும் சொல்லார். ஹுசேர்லுக்கு ஒரு மனப்பாங்கும் விட்கென்ஸ்டைனுக்கு வேறொரு மனப்பாங்கும் இருந்தமையால் இது நேர்ந்தது என்று சொல்வதும் பொருந்தாது. இடைப்பட்ட ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக் காலமெல்லாம் அன்ஸ்கம்முக்குச் சமர்வில் இருந்தது. ஸ்டைனுக்கு அத்தகைய நிறுவனம் ஒன்றும் இல்லை.

வேறு நாடுகளிலும் இதே நிலைதான். ஹார்வர்டில் 1895இல் மேரி விட்டன் கோல்கின்ஸ் கலாநிதிப் பட்டத்துக்கான தேர்வில் ஆசிரியர்கள் அனைவரும் பாராட்டத் தேறினார். பெண் என்பதனால் நிருவாகம் பட்டத்தை மறுத்தது. அதற்கு ஈடாகப் பின்னர் ராட்கிளிப் பெண்கள் கல்லூரியின் பட்டத்தைத் தர முன்வந்தபோது, அதனை ஏற்க மறுத்த அவருடைய தன்மானம் போற்றத்தக்கது. 1918இல் அமெரிக்க மெய்யியற் சங்கத்துக்கே தலைவரான அவருக்கு வாழ்நாள் முழுவதும் சோறிட்டது வெல்ஸ்லி என்னும் பெண்கள் கல்லூரி. பிரித்தானியாவில் மெய்யியற் பேராசிரியரான முதற் பெண் சூசன் ஸ்டெபிங். 1933இல் அவருக்கு ஆசனம் தந்ததும் இலண்டனின் பெட்போர்ட் பெண்கள் கல்லூரியே.

இவ்வாறு கூறுவதால் பெண்கள் கல்லூரிகளை நாம் வானளாவப் புகழ்வதாகக் கொள்ளலாகாது. ஒதுக்கிவைத்ததன் விளைவாகப் பிறந்தவை அவை. ஒக்ஸ்போர்ட் 1927இல் பெண் மாணவர் தொகைக்கு 840 என வரம்பு கட்டியது. அது நீங்க முப்பது ஆண்டுகள் சென்றன. அந்த வரம்புக்குள் நுழைந்தவர்கள் எவருடைய மகளிர் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். பூட்டின் தாயார் அமெரிக்க ஜனாதிபதி கிளீவ்லண்டின் மகள். பூட் வீட்டு ஆசிரியைகளிடம் பயின்றவர். மிட்ஜ்லியின் தந்தையார் கேம்பிரிட்ஜ் கல்லூரியொன்றின் மதகுருவாய் இருந்தவர். கிரேக்கமும் இலத்தீனும் வேண்டும் என்ற பாடத்திட்டம், ஆலைத் தொழிலாளியின் மகளை வாயிலருகேயும் வரவிடவில்லை. நால்வரைப் பற்றிய நூல்களைக் கொண்டாடுவோர் இதனைப் போகிற போக்கிலேனும் ஊன்றிப் பேசினால் நன்று. நால்வருள் மேர்டொக் மாணவப் பருவத்திற் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தவர். அந்த ‘குற்றத்துக்காக’ 1946இல் அமெரிக்கா சென்று படிக்க அவருக்கு விசா மறுக்கப்பட்டது என்பதையும் நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

1974இல் ஆண்கள் கல்லூரிகளுள் ஐந்து பெண்களை அனுமதிக்கத் தொடங்கின. பெண்கள் கல்லூரிகளும் ஒவ்வொன்றாகக் கலப்புக் கல்லூரிகளாயின. சமர்வில் 1994இல் ஆண் மாணவரை ஏற்றது. நீதியென்றே இதனை வரவேற்போம். ஆயினும் முன்னர் பெண்ணுக்கென்றே இருந்த சில ஆசனங்கள் இப்போது பொதுப் போட்டிக்கு வந்தன. பொதுப் போட்டியிலோ, மிட்ஜ்லி குறிப்பிட்ட அந்த வாத விளையாட்டே தகுதியின் அளவுகோலாக நின்றது. மிட்ஜ்லி தவறியது விளைவைக் கண்டதிலன்று; அதனை எங்கே தேடுவது என்பதில்தான்.

மிட்ஜ்லியே வேறோரிடத்தில் மிகவும் கூர்மையாகப் பேசியிருக்கிறார். 1950களின் தொடக்கத்தில் பீ.பீ.ஸீ. வானொலிக்காக அவர் எழுதிய உரையொன்று, ஐரோப்பியத் தத்துவப் பேராசான்களுட் பெரும்பாலோர் மணமாகாதவர் என்பதை எடுத்துக்காட்டிற்று. பிளேட்டோ, டேகார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ், கான்ட்: எவரும் மணம் புரிந்ததில்லை. தன்னையன்றிப் பிறிதொன்றும் உண்டோ என ஐயுறும் அந்தத் தனித்த ‘நான்’, குழந்தையைத் தூக்கி வளர்த்த ஒருவரின் சிந்தனையில் அவ்வளவு எளிதாகத் தோன்றியிருக்குமா என்பது அவர் வினா. வீட்டு விவகாரத்தைத் தத்துவத்தில் நுழைப்பது தகாது என்று அவ்வுரை திருப்பியனுப்பப்பட்டது. நாம் அதனோடு ஒன்று சேர்ப்போம். டேகார்ட் கணப்பருகே அமர்ந்து உலகை ஐயுற்றபொழுது, அக்கணப்பில் விறகிட்டவள் ஒருத்தி இருந்திருப்பாள். அவள் இருப்பதைப் பற்றி அவருக்கு ஐயம் எழுந்திருந்தால் அறை குளிர்ந்துபோயிருக்கும்.

மிட்ஜ்லி 1950இல் மணம் புரிந்து நியூகாசிலுக்குச் சென்றார். மூன்று புதல்வரை வளர்த்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராய்ப் பணியாற்றி, தம் முதல் நூலை 1978இல், ஐம்பத்தொன்பதாம் வயதில் வெளியிட்டார். 1980இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டுகளில் தட்சர் அரசாங்கத்தின் செலவுக்குறைப்பு பல்கலைக்கழகங்கள்மீது விழுந்தது. நியூகாசிலின் மெய்யியற்றுறையைக் காப்பதற்கு மிட்ஜ்லி குரல் எழுப்பினார். துறை மூடப்பட்டது.